காட்டைப் படித்த பயணி

1854ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வந்திறங்கிய ஆங்கிலேயர் ஒருவர், நகரத்தில் தங்க விரும்பவில்லை. புக்கிட் தீமாவில் இருந்த கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவரின் இல்லத்தில் இடம் கேட்டுத் தங்கினார். அக்காலத்தில் அந்தக் குன்றுகளைச் சுற்றிலும் அடர்ந்த காடு இருந்தது. காட்டில் புலிகளும் இருந்தன. புலிகளைப் பிடிப்பதற்காக வெட்டப்பட்ட ஆழமான குழிகள் இலைகளால் மூடப்பட்டிருந்தன. வண்டைத் துரத்திக்கொண்டு ஓடுபவர் புலிக்கு முன்னே தாமே குழியில் விழுந்துவிட வாய்ப்பு உண்டு. அவரோ அந்தக் காட்டில்தான் நாள்தோறும் நடந்தார். ஏறத்தாழ இரண்டு மாதங்களில் 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். அவற்றுள் பெரும்பாலானவை ஒரு சதுர மைல் பரப்புக்குள்ளேயே கிடைத்தவை.

அவர்தாம் ஆல்பிரட் ரசல் வாலஸ். அப்போது அவருக்கு வயது 31.

வாலஸ் 1823ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் வேல்ஸ் நாட்டின் அஸ்க் என்னும் ஊருக்கு அருகில் பிறந்தார். குடும்பத்தின் செல்வம் கரைந்துபோனதால் 14 வயதிலேயே பள்ளியை விட்டு நீங்கினார். பிறகு, மூத்த சகோதரர் வில்லியமுடன் நில அளவைப் பணிக்குச் சென்றார். சங்கிலியையும் அளவுக் கருவிகளையும் சுமந்துகொண்டு வயல்களிலும் மலைச்சரிவுகளிலும் நடந்த அந்த ஆண்டுகளே அவருக்குப் பல்கலைக்கழகமாயின. வழியில் தென்பட்ட செடிகளின் பெயர்களை அறிய ஆசைப்பட்டு, மலிவு விலை நூல் ஒன்றை வாங்கிப் படித்தார். பின்னர் லெஸ்டர் நகரில் ஆசிரியராகப் பணியாற்றியபோது ஹென்றி பேட்ஸ் என்ற நண்பர் கிடைத்தார். இருவரும் 1848ஆம் ஆண்டு பிரேசிலின் அமேசான் காட்டுக்குப் புறப்பட்டனர். கையில் பெரும் பணம் இல்லை. அரிய பூச்சிகளையும் பறவைகளையும் பதப்படுத்தி லண்டனுக்கு அனுப்பி, அவற்றை விற்று வரும் பணத்தில் பயணத்தைத் தொடர்வது என்பதே அவர்களின் ஏற்பாடு.

அந்தப் பயணம் வாலஸிடம் கடுமையான விலையைக் கேட்டது. அவருக்குத் துணையாக வந்த தம்பி ஹெர்பர்ட் மஞ்சள் காய்ச்சலால் அங்கேயே இறந்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் வாலஸ் நாடு திரும்பியபோது, 1852 ஆகஸ்டு 6ஆம் நாள், நடுக்கடலில் கப்பல் தீப்பற்றியது. தமக்கென்று வைத்திருந்த பூச்சிகள், பறவைகள், குறிப்பேடுகளில் பெரும்பகுதி ஆகிய அனைத்தும் கண்ணெதிரே எரிந்தன. சில ஓவியங்கள் மட்டுமே மிஞ்சின. நீர் கசியும் படகில் பத்து நாள் மிதந்த பின்னரே வேறொரு கப்பல் அவர்களைக் காப்பாற்றியது. இனிமேல் கடலை நம்புவதில்லை என்று அந்தப் பயணத்தில் பலமுறை சபதம் செய்துகொண்டதாக அவரே பின்னர் எழுதினார். ஆனால், கரை சேர்ந்த சில நாள்களிலேயே அடுத்து எங்கே போகலாம் என்று எண்ணத் தொடங்கிவிட்டார். அந்த எண்ணத்தின் விளைவுதான் சிங்கப்பூர்.

புக்கிட் தீமாவில் அவரது அன்றாட வாழ்க்கை மிக எளிமையானது. காலை ஐந்தரை மணிக்கு எழுந்து குளிப்பார், காப்பி அருந்துவார். முதல்நாள் பிடித்த பூச்சிகளை ஒழுங்குபடுத்திக் காய வைப்பார். எட்டு மணிக்குக் காலை உணவு. ஒன்பது மணிக்குக் காட்டுக்குள் நுழைவார். பிற்பகல் இரண்டு, மூன்று மணி வரை அலைவார். ஐம்பது அறுபது வண்டுகளுடன் திரும்பி, மீண்டும் குளித்து, ஊசிகளோடு மேசையில் அமர்வார். நான்கு மணிக்கு உணவு. பிறகு மீண்டும் வேலை. இரவில் சிறிது வாசிப்பு. சீன மரவெட்டிகள் அங்கே பல ஆண்டுகளாக மரம் அறுத்து வந்தார்கள். அவர்கள் விட்டுச்சென்ற மரத்தூளும் பட்டையும் காய்ந்த இலையும்தான் வண்டுகளை ஈர்க்கின்றன என்பதை அவர் விரைவிலேயே கண்டுகொண்டார். மற்றவர்கள் குப்பை என்று தாண்டிச் சென்ற இடத்தில் அவர் குனிந்து பார்த்தார்.

சிங்கப்பூரிலிருந்து மலாக்காவுக்குச் சென்று லேடாங் மலையில் ஏறினார். 1854 நவம்பரில் சரவாக்கை அடைந்தார். மலாக்காவில் அவருக்கு ஒரு சிறிய தோல்வி ஏற்பட்டிருந்தது. டுரியான் பழத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தபோது அதன் வாடையைத் தாங்க முடியாமல் சாப்பிட முடியாமற்போனது. இன்றும் பல வெளிநாட்டுப் பயணிகள் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். வாலஸ் நிற்கவில்லை. போர்னியோவில் ஒருநாள் மரத்தடியில் தானாக உதிர்ந்து கிடந்த பழுத்த டுரியானைக் கண்டார். திறந்த வெளியில் அமர்ந்து அதைச் சுவைத்தார். அன்று முதல் டுரியான் பிரியராகவே மாறிவிட்டார். இதைச் சுவைப்பதற்காகவே கிழக்குத் திசைக்குக் கப்பலேறி வரலாம் என்னும் அளவுக்கு அதைப் புகழ்ந்து எழுதினார். டாயாக் மக்கள் டுரியான் சுளைகளை உப்பிட்டு, ஜாடிகளிலும் மூங்கில் குழாய்களிலும் அடைத்துவைத்து, ஆண்டு முழுவதும் சோற்றுடன் உண்பதையும், கொட்டைகளைச் சுட்டுத் தின்பதையும் கவனித்துக் குறித்துவைத்தார்.

சுவையோடு அவர் சிந்தனை முடிந்துவிடவில்லை. உயர்ந்த மரங்களில் சிறிய பழங்களும், தரையில் படரும் கொடிகளில் பெரிய பழங்களும் காய்ப்பது, மனிதர் தலையில் விழாதபடி இயற்கை செய்த ஏற்பாடு என்று ஐரோப்பாவில் சிலர் எழுதி வந்தார்கள். நம் ஊர்களிலும் ஆலமரத்தடியில் படுத்திருந்தவன் பூசணிக்கொடியைப் பார்த்து வியந்த கதை உண்டு. வாலஸோ அமேசானின் பிரேசில் கொட்டையையும் போர்னியோவின் டுரியானையும் பார்த்தவர். இரண்டும் கனமானவை, மிக உயர்ந்த மரங்களில் காய்ப்பவை, பழுத்ததும் விழுந்து ஆளைக் காயப்படுத்துபவை, சில வேளைகளில் உயிரையும் பறிப்பவை. இயற்கையின் ஒரு மூலையை மட்டும் பார்த்துவிட்டுப் பொது விதி சொல்லக் கூடாது என்றும், மரங்களும் பழங்களும் மனிதனின் வசதிக்காகவே அமைந்தவை அல்ல என்றும் அவர் முடிவுக்கு வந்தார்.

சரவாக்கின் சிமுஞ்சான் ஆற்றங்கரையில் நிலக்கரிச் சுரங்கம் ஒன்று தோண்டப்பட்டுக்கொண்டிருந்தது. 1855ஆம் ஆண்டு அவர் அங்கே பல மாதங்கள் தங்கினார். பூச்சி ஒன்றுக்கு ஒரு காசு தருவதாக அறிவித்ததால் டாயாக் மக்களும் சீனத் தொழிலாளர்களும் விதவிதமான பூச்சிகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அங்குதான் அவர் ஓராங் ஊத்தான்களையும் சுட்டார். அருங்காட்சியகங்களுக்காக அவர் செய்த இந்த வேலை இன்றைய வாசகருக்கு வருத்தம் அளிக்கக்கூடியது. அதை மறைக்க வேண்டியதில்லை. அக்காலத்து இயற்கை ஆய்வு துப்பாக்கியோடுதான் நடந்தது.

ஒருமுறை அவர் சுட்ட தாய் விலங்கின் குட்டி, சேற்றில் முகம் குப்புறக் கிடந்தது. ஒரு அடி நீளமே இருந்த அதை அவர் எடுத்து வந்தார். வழியில் அது அவரது தாடியைப் பற்றிக்கொண்டு விடவே இல்லை. அதற்குப் பால் கொடுக்க அங்கே பசுவோ ஆடோ கிடைக்கவில்லை. சோற்றுக் கஞ்சியைப் புட்டியில் ஊற்றிப் புகட்டினார். சில சமயம் சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் சேர்த்தார். குளிப்பாட்டித் துடைத்து, முடியைச் சீவிவிட்டார். தாயின் உடலைப் பற்றிக்கொள்ளத் துடித்த அதன் கைகளுக்காக எருமைத்தோலைச் சுருட்டி ஒரு பொம்மைத் தாய் செய்து கொடுத்தார். குட்டி அதில் பால் தேடி, வாயில் மயிர் அடைத்துத் திணறியதால், அதையும் எடுத்துவிட நேர்ந்தது. துணைக்கு ஒரு குரங்குக் குட்டியை வைத்தார், இரண்டும் நண்பர்களாயின. ஆனால், தாய்ப்பாலுக்குக் கஞ்சி ஈடாகவில்லை. ஏறத்தாழ மூன்று மாதங்களில் குட்டி இறந்தது. அதன் எலும்புக்கூட்டைப் பதப்படுத்தும்போதுதான், தாயோடு மரத்திலிருந்து விழுந்த அன்றே ஒரு கையும் ஒரு காலும் முறிந்திருந்தன என்பதும், அவை தாமாகவே கூடியிருந்தன என்பதும் அவருக்குத் தெரியவந்தன.

இதற்குச் சில மாதங்களுக்கு முன், மழைக்காலத்தில், சந்துபோங் மலையடிவாரத்தில் ஒரு சிறு வீட்டில் அவர் தங்கியிருந்தார். சமையலுக்கு ஒரு மலாய்ச் சிறுவன் மட்டுமே உடனிருந்தான். வெளியே போக முடியாத மழை நாள்களில், புத்தகங்களைப் புரட்டுவதையும் சிந்திப்பதையும் தவிர அவருக்கு வேறு வேலை இல்லை. ஒவ்வோர் உயிரினமும் தன்னை ஒத்த வேறோர் உயிரினம் முன்பே வாழ்ந்த இடத்திலும் காலத்திலுமே தோன்றுகிறது என்ற கருத்தை அங்கே எழுதி முடித்தார். எப்படித் தோன்றுகிறது என்ற கேள்விக்கு அப்போது விடை இல்லை.

அடுத்த ஆண்டு தற்செயலாக ஒன்று நடந்தது. மக்காசாருக்கு நேரடிக் கப்பல் கிடைக்காததால் பாலித் தீவுக்கும் லொம்போக் தீவுக்கும் சென்று சுற்றிப் போக வேண்டியதாயிற்று. இரண்டு தீவுகளுக்கும் இடையே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் அகலக் கடல்தான். பாலியில் அவர் பார்த்த குக்குறுவான்களும் மரங்கொத்திகளும் ஆசியக் காடுகளுக்கு உரியவை. லொம்போக்கில் அவற்றைக் காணவில்லை. ஆஸ்திரேலியாவுக்கு உரிய வெள்ளைக் கொண்டைக் கிளிகளும், மேடு குவித்து முட்டையிடும் பறவைகளும் தென்பட்டன. கடல்மட்டம் தாழ்ந்திருந்த காலங்களில் பாலி ஆசிய நிலத்தோடு இணைந்திருந்தது. லொம்போக் நீரிணையோ மிக ஆழமானது, வற்றாதது. அந்த எல்லை இன்றும் வாலஸ் கோடு என்றே அழைக்கப்படுகிறது. கப்பல் கிடைத்திருந்தால் அதைத் தாம் கண்டிருக்கவே மாட்டார் என்பதை வாலஸும் ஒப்புக்கொண்டார்.

1858ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தெர்னாத்தேப் பகுதியில், முறைக்காய்ச்சல் அவரை நாள்தோறும் சில மணி நேரம் படுக்கையில் கிடத்தியது. குளிரில் நடுங்கிக்கொண்டு படுத்திருந்தபோது, என்றோ படித்த மால்தஸின் மக்கள்தொகை நூல் நினைவுக்கு வந்தது. நோயும் பஞ்சமும் மனிதரின் பெருக்கத்தைத் தடுப்பது போல விலங்குகளையும் தடுக்கின்றன. சூழலுக்கு ஏற்றவையே எஞ்சிப் பெருகுகின்றன என்று அவருக்குப் பொறிதட்டியது. காய்ச்சல் தணிந்ததும் எழுதி, சார்லஸ் டார்வினுக்கு அனுப்பினார். அதே கருத்தில் இருபது ஆண்டுகளாக உழைத்தும் வெளியிடாமல் இருந்த டார்வின், கடிதத்தைக் கண்டு அதிர்ந்தார். டார்வினின் நண்பர்கள் இருவருடைய எழுத்துகளையும் 1858 ஜூலை 1ஆம் நாள் லண்டனின் லின்னேயன் கழகத்தில் ஒன்றாகப் படிக்கச் செய்தார்கள். வாலஸிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை; கேட்டிருந்தாலும் கடிதம் போய்வர மாதக்கணக்கில் ஆகியிருக்கும். அந்த நேரத்தில் அவர் நியூ கினிக் கரையில் காய்ச்சலோடு போராடிக்கொண்டிருந்தார். அவருடைய உதவியாளர்களுள் ஓர் இளைஞர் அங்கேயே இறந்தார்.

புகழில் பெரும்பங்கு டார்வினுக்குச் சென்றது. வாலஸ் மனம் கசந்திருந்தால் அதைப் புரிந்துகொள்ள முடியும். அவரோ தம் பயண நூலை டார்வினுக்கே காணிக்கையாக்கினார். 1889இல் வெளியிட்ட பரிணாம நூலுக்கு டார்வினியம் என்றே பெயரிட்டார். பின்னாளில் வருமானமின்றித் தவித்த வாலஸுக்கு அரசாங்க ஓய்வூதியம் கிடைக்க முன்னின்று முயன்றவர் டார்வின்.

மொலுக்காத் தீவுகளில் சாகோ மாவு தயாரிப்பதைப் பார்த்த வாலஸ் அதையும் கணக்கிட்டார். நல்ல மரம் ஒன்றிலிருந்து 1800 அப்பங்கள் கிடைக்கும். நாளுக்கு ஐந்து என உண்டால் ஒருவருக்கு ஓராண்டு உணவு. அதற்கான உழைப்பு பத்தே நாள். இவ்வளவு எளிதாக உணவு கிடைப்பதுதான் அம்மக்களின் வறுமைக்குக் காரணம் என்று அவர் எழுதியது, விருந்தாளியின் அவசரத் தீர்ப்பாகவே தோன்றுகிறது. அரூ தீவுகளில் சொர்க்கப் பறவையைக் கையில் ஏந்தியபோது அவர் எண்ணியது வேறு. நாகரிக மனிதன் இந்தக் காடுகளை அடையும் நாளில், அழகை உணரத் தெரிந்த அவனே இந்த உயிர்களை அழித்துவிடுவான் என்று அவர் அஞ்சினார்.

எட்டு ஆண்டுகளில் அவர் கடந்த தொலைவு ஏறத்தாழ 14,000 மைல், சேகரித்தவை 1,25,660. இவற்றைத் தனியாளாகச் சேர்த்தார் என்று எண்ணுவது சரியன்று. சரவாக்கில் சமையல்காரனாக வந்து சேர்ந்த அலி என்ற மலாய் இளைஞர், பறவைகளைச் சுடவும் தோலுரித்துப் பதப்படுத்தவும் கற்று, வாலஸின் வலக்கையானார். பாச்சான் தீவில், மார்பில் பச்சையும் தோள்களில் நீண்ட வெள்ளை இறகுகளும் கொண்ட, அறிவியல் அதுவரை அறிந்திராத சொர்க்கப் பறவையை முதலில் கொண்டுவந்தவர் அலிதான். பறவைக்கு வாலஸின் பெயர் வைக்கப்பட்டது.

1862ஆம் ஆண்டு சிங்கப்பூரில் இருவரும் பிரிந்தார்கள். வாலஸ் பணத்தோடு தம் இரட்டைக்குழல் துப்பாக்கிகள் இரண்டையும், மிஞ்சிய கருவிகளையும் அலியிடம் கொடுத்தார்; அவரைப் புகைப்படம் எடுக்கச் செய்து அதைத் தம்முடன் கொண்டுபோனார். கப்பலில் உயிருடன் இருந்த இரண்டு சொர்க்கப் பறவைகளுக்குத் தீனியாகக் கரப்பான்பூச்சிகளைத் தேடிப் பிடிப்பதே ஊர் சேரும்வரை அவருக்கு வேலையாக இருந்தது.

நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1907இல், தாமஸ் பார்பர் என்னும் அமெரிக்க விலங்கியலாளர் தெர்னாத்தேக்குச் சென்றார். அங்கே நீலத் தொப்பி அணிந்த முதியவர் ஒருவர் அவரை அணுகி, தம் பெயர் அலி வாலஸ் என்றார். பார்பர் அவரைப் படம் எடுத்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். எண்பது வயதைத் தாண்டியிருந்த வாலஸ், மகிழ்ச்சியோடு பதில் எழுதினார். காய்ச்சலில் கிடந்த தம்மை அலி பக்கத்தில் இருந்து காப்பாற்றிய நாள்களை அதில் நினைவுகூர்ந்திருந்தார்.