தள்ளுண்டவற்றைத் தேடிய சிற்பி

கட்டிட வேலை நடைபெறும் இடத்தை உற்று நோக்கியவர்கள், சுவர் உயர உயர அதன் பக்கத்தில் வேறொரு மேடும் உயர்ந்து வருதலைக் கண்டிருப்பார்கள். உடைந்த செங்கல், பிளந்த ஓடு, வெட்டி மிஞ்சிய கல், தோண்டிய மண் ஆகியவையே அம்மேடு. வேலை முடிந்ததும் அதனை வண்டியேற்றி எங்கேனும் ஒரு பள்ளத்தில் கொட்டிவிடுதல் வழக்கம். கொட்டப்படும் பொருளும் விலை கொடுத்து வாங்கியதே, ஒருவருடைய உழைப்பால் ஆனதே என்பதை நினைப்பவர் சிலரே. அச்சிலருள் முதன்மையாக வைத்து எண்ணத்தக்கவர், ஸ்பெயின் தேசத்துக் கட்டிடச் சிற்பி அந்தோனி கௌடி.

இவர் 1852-ம் வருஷம் ஜூன் மாதம் 25-ந் தேதி, கத்தலோனியாவில் ரெயூஸ் என்னும் நகரத்தை ஒட்டிய பகுதியில் பிறந்தார். தந்தையார் செப்புப் பாத்திரம் செய்யும் கன்னார். தட்டையான தகடு அடிபட்டு வளைந்து கலமாக மாறுவதைப் பட்டறையில் கண்டதே, தமக்கு உருவங்களைப் பற்றிய அறிவைத் தந்ததெனக் கௌடி பிற்காலத்தில் கருதினார். இளமையிலேயே மூட்டுவாத நோய் பற்றியதால், மற்றச் சிறுவரோடு ஓடி விளையாட இயலாது, செடி கொடிகளையும் சிற்றுயிர்களையும் நோக்கிப் பொழுது போக்கினார். 1868-ல் பார்ஸிலோனா நகரம் சேர்ந்து, பிறரிடம் வரைபடம் எழுதிப் பொருள் ஈட்டிக்கொண்டே கற்று, 1878-ல் சிற்பிக்குரிய பட்டம் பெற்றார்.

அக்காலத்தில் எவுஸேபி குவேல் என்னும் ஆலை முதலாளி அவருக்கு நண்பரும் ஆதரவாளரும் ஆனார். கௌடி அமைத்த கூரைகளும் புகைபோக்கிகளும் வளைந்தும் நெளிந்தும் இருந்தன. சதுரமான பீங்கான் ஓடு வளைந்த பரப்பில் படியாது. உடைத்த துண்டுகளோ எவ்வளைவிலும் படியும். ஆதலின் அவர் ஓட்டுத் துண்டுகளையும், உடைந்த தட்டு, கிண்ணம், கண்ணாடி முதலியவற்றையும் சேர்த்துச் சாந்தில் பதிப்பித்தார். சூளையினர் பழுதென்று ஒதுக்கிய சரக்கு இவருக்கு உதவிற்று. 1904-ல் பாத்லோ என்ற செல்வர், தாம் வாங்கிய பழைய வீட்டை இடித்துப் புதியது கட்ட எண்ணியபோது, இடித்தல் வேண்டாவென்று உணர்த்தி, நின்ற சுவரையே புதுக்கி, இரண்டாண்டுகளில் ஊரார் வியக்கும் மாளிகையாக்கினார். இடிபாடு மிகாமல் காக்கும் வழிகளுள் இதுவே தலையாயது.

1900-ம் வருஷம் நகருக்கு வெளியே ஒரு மொட்டைக் குன்றில், குவேலுக்காக 60 மனைகள் கொண்ட குடியிருப்பை வகுக்கத் தொடங்கினார். குன்றைச் சமனாக்கி மண்ணை அகற்றாமல், நிலம் சென்றபடியே பாதைகளை வளைத்து, அங்கே கிடைத்த கல்லைக் கொண்டே பாலங்களையும் தூண்களையும் நிறுத்தினார். 110 மீட்டர் நீளமுள்ள ஆசனம் ஒன்று, ஜுஜோல் என்னும் துணைவரின் கைவண்ணத்தால் ஓட்டுத் துண்டுகளைப் போர்த்துக்கொண்டு பாம்பென நெளிகிறது. அம்மேடையில் விழும் மழைநீரும் வீணாவதில்லை. தூண்களின் உள்வழியே இறங்கி அடியிலுள்ள தொட்டியிற் சேருமாறு அமைத்தார். வியாபாரம் என்ற அளவில் அம்முயற்சி தோற்றது. புதிதாக எழுந்த வீடுகள் இரண்டே. எனினும் 1926-ல் அது நகரத்தார் அனைவருக்கும் உரிய பூங்காவாயிற்று.

குவேலின் ஆலைத் தொழிலாளருக்காக 1908-ல் தொடங்கிய ஆலயத்தில், வெந்து கருகிய செங்கல்லும் உலைக் கிட்டமும் சுவரேறின. கழித்த தறி ஊசிகள் சாளரங்களுக்குக் கம்பிவலை ஆயின. வழியில் நின்ற பைன் மரம் ஒன்றை வெட்ட மனமின்றிப் படிக்கட்டை விலக்கிக் கட்டினார். நூல்களைத் தொங்கவிட்டு, அவற்றிற் சிறு பைகளைப் பாரமாகக் கட்டி, அவை தாமே வளைந்த வடிவத்தைத் தலைகீழாக்கி வளைவுகளுக்கு இலக்கணம் கண்டார். பாரம் செல்லும் வழியிலேயே கல் நின்றால் மிகையான கல் வேண்டுவதில்லை. 1909-ல் தொழிலாளர் பிள்ளைகளுக்கும் அயலிலுள்ள சிறுவருக்கும் கட்டிய பள்ளிக்கூடத்திலும் இதே சிக்கனத்தைக் காணலாம். நேராக நிறுத்தினால் விழும் காகிதம் மடித்தால் நிற்பதுபோல, மெல்லிய செங்கற் சுவர் அலையாக வளைந்து வலிமை பெற்றது.

1883 முதல் அவர் பொறுப்பேற்றிருந்த திருக்குடும்ப ஆலயமே, 1914-க்குப் பின் அவருடைய ஒரே பணியாயிற்று. உடையிலும் உணவிலும் பற்றொழிந்தார். 1926-ம் வருஷம் ஜூன் 7-ந் தேதி தெருவில் டிராம் வண்டி மோதி வீழ்ந்தார். கந்தல் உடையைக் கண்டோர் பிச்சைக்காரர் என்றெண்ணியதால் உதவி தாமதித்தது. பின்னர் ஏழைகளுக்குரிய மருத்துவமனையிற் சேர்த்தனர். மறுநாளே அவர் இன்னாரென அறிந்தனர். 10-ந் தேதி உயிர் நீத்தார். தாம் கட்டிவந்த ஆலயத்தின் நிலவறையில், பெருந்திரளான மக்கள் சூழ, அடக்கம் செய்யப்பெற்றார். கோபுரங்களுள் அவர் கண்ணால் முடியக் கண்டது ஒன்றே.

ஓட்டுத் துண்டின் மதிப்பை அறிந்த அம்மனிதரின் மதிப்பைத் தெருவிற் சென்றோர் அறியவில்லை. பொருளையும் மனிதரையும் புறத்தோற்றங் கண்டு தள்ளும் பழக்கம் ஒன்றே என்பதை இது காட்டுகிறது. கட்டுவோர் விலக்கிய கல்லைப் பற்றிய வேத உவமை நாம் அறிந்ததே. ஆயினும் கௌடியின் முறை வெறும் இரக்கத்தால் ஆயதன்று. ஒவ்வொரு துண்டையும் பார்த்து, பொருத்தமான இடந்தேடி, கையாற் பதிக்க வேண்டும். அதற்குப் பொறுமையும் தொழிலறிவும் வேண்டும். கொட்டிவிடுதல் எளிது, அதற்கு அறிவு வேண்டுவதில்லை.

மாணவ நண்பர்காள்! உங்களிற் சிலர் நாளை பொறியாளராவீர். பலர் வீடு கட்டுவீர். அன்று எழும் சுவரை மட்டும் நோக்காது, அதன் பக்கத்தில் எழும் மேட்டையும் நோக்குங்கள். இடிக்காமல் புதுக்கலாமா, வாங்குமுன் அளக்கலாமா, மிஞ்சியதை எங்கே பதிக்கலாம் என்று வினவுங்கள். மேடு எவ்வளவு தாழ்கிறதோ, அவ்வளவு உயர்ந்தது உங்கள் தொழில் எனக் கொள்ளலாம்.