மரத்தின் மனமறிந்த மேதை – ஜார்ஜ் நாகாஷிமா

புதுச்சேரி என்றவுடன் கடற்கரையும், மகாகவி பாரதியார் தங்கியிருந்த இல்லமும், பாவேந்தர் பிறந்த மண் என்ற பெருமையும் நம் நினைவுக்கு வரும். அந்நகரில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த விடுதி ஒன்று உண்டு. அதன் பெயர் ‘கோல்கொண்டே’. நவீனக் கட்டடக் கலையைப் பயில்வோர் கடல் கடந்தும் வந்து அதைக் கண்டு செல்கின்றனர். அக்கட்டடத்தை நின்று எழுப்பியவர்களுள் ஒருவர், பின்னாளில் அமெரிக்காவின் தலைசிறந்த மரச்சாமான் கலைஞராக விளங்கினார். அவர்தாம் ஜார்ஜ் நாகாஷிமா.

கட்டடக் கலையில் முதுகலைப் பட்டம் பெற்றவர் அவர். ஆயினும் உளியையும் இழைப்புளியையும் தம் வாழ்வாகக் கொண்டார். நானோ இராசபாளையத்தில் ஒரு தச்சுத் தொழிலாளியின் மகன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். நான் உளி பிடிக்கக் கூடாது என்பதற்காகவே உளி பிடித்து என்னைப் படிக்க வைப்பவர் என் தந்தையார். ஆகவே பட்டத்திலிருந்து பட்டறைக்குச் சென்ற ஒருவரின் வரலாற்றை என்னால் எளிதில் கடந்து போக இயலவில்லை.

நாகாஷிமா 1905ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள ஸ்போகேன் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜப்பானிலிருந்து குடியேறியவர்கள். அம்மாநிலம் மலையும் மழையும் நெடுமரங்களும் நிறைந்தது. சாரணர் இயக்கத்தில் சேர்ந்த சிறுவன் ஜார்ஜ் அந்த மலைக்காடுகளில் நாள் கணக்கில் நடந்து திரிந்தான். மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மலை தெரியும் ஊரில் வளர்ந்த நமக்கு அந்த ஆவல் புரியாததன்று. செண்பகத்தோப்புக்கும் அய்யனார் அருவிக்கும் செடி சேகரிக்கச் சென்ற தாவரவியல் மாணவர்களைக் கேட்டால் சொல்வார்கள், மலை ஒருமுறை அழைத்தால் விடாது என்று.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அவர் முதலில் படித்தது வனவியல். பின்னரே கட்டடக் கலைக்கு மாறினார். பிரான்சில் சிறிது காலம் பயின்று, 1930இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். ஆனால் அது உலகப் பொருளாதார மந்தம் தொடங்கிவிட்ட காலம். கிடைத்த வேலையும் பறிபோயிற்று. வேலை போனவன் ஊருக்குத் திரும்புவான்; அதுதான் வழக்கம். இவரோ தம் காரை விற்றுவிட்டு உலகைச் சுற்றிவரும் கப்பலுக்குச் சீட்டு வாங்கினார்! பாரிசில் சில காலம், வட ஆப்பிரிக்காவில் சில காலம் என அலைந்து, முன்னோர் நாடாகிய ஜப்பானை அடைந்தார்.

அங்கே 1934இல் அன்டோனின் ரேமண்ட் என்னும் கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் சேர்ந்தார். செக் நாட்டில் பிறந்த ரேமண்ட், புகழ்பெற்ற பிராங்க் லாயிட் ரைட்டுடன் இம்பீரியல் ஓட்டல் கட்டும் பணிக்காக டோக்கியோ வந்து, அங்கேயே தொழில் நடத்தியவர். ஆணியை நம்பாமல் கழுந்தும் துளையுமாக மரத்தை மரத்தோடு பூட்டும் ஜப்பானியத் தச்சர்களின் வேலையை நாகாஷிமா அருகிலிருந்து கண்டது இக்காலத்தில்தான்.

புதுச்சேரி ஆசிரமம் தன் அடியார்கள் தங்குவதற்கு ஒரு விடுதி கட்டும் பணியை ரேமண்டிடம் ஒப்படைத்தது. ஹைதராபாத் சமஸ்தானத்து சர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் நன்கொடை கிடைத்தது. அதனாலேயே கோல்கொண்டா கோட்டையின் பெயர் கட்டடத்திற்கு அமைந்தது. அன்று புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. ரேமண்டின் சார்பில் களத்தில் நின்று வேலையை நடத்த நாகாஷிமா வந்து சேர்ந்தார். அவருடன் பணியாற்றியவர் பிரான்டிசேக் சாம்மர் என்னும் மற்றொரு செக் கலைஞர்.

இக்கட்டடத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். புதுச்சேரி வெயிலையும் கடற்காற்றின் புழுக்கத்தையும் நாம் அறிவோம். மின்விசிறியை நம்பாமல் அங்கே ஒருவர் அமைதியாகத் தங்க வேண்டும். என்ன செய்வது? கட்டடத்தை நீளமாகவும் அகலம் குறைவாகவும் அமைத்து, அதன் நீண்ட முகங்களை வடக்கும் தெற்கும் பார்க்க வைத்தனர். காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கச் சுவர்களில்தான் விழும். நீண்ட பக்கங்களில் சன்னல் என்பதே கிடையாது, கண்ணாடியும் கிடையாது. தரை முதல் மேல் வரை கிடைமட்டமான பலகைகள். அவற்றைத் திருப்பி வைக்கலாம். காற்று வேண்டுமானால் திறப்பு, மழை வந்தால் அடைப்பு. அறைக்கும் தாழ்வாரத்திற்கும் இடையே தேக்கினாலான நகரும் கதவுகள். அவற்றின் சட்டங்கள் ஒன்றுக்கொன்று விலகி அமைந்திருப்பதால் காற்று உள்ளே நுழையும், வெளியார் கண் நுழையாது. கூரையின் மேலே வளைந்த கான்கிரீட் ஓடுகள் தனியாக நிற்கின்றன. இரண்டிற்கும் நடுவே உள்ள காற்று வெப்பத்தைத் தடுக்கிறது. வெப்பம் கடத்தல் பற்றி நாம் இயற்பியல் தாளில் எழுதும் விடை அங்கே கட்டடமாக நிற்கிறது எனலாம்.

வேலை செய்தோருள் பெரும்பாலோர் ஆசிரமத்து அன்பர்களே. அடியார்கள் கொடுத்த பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கிக் கீல்களும் பிடிகளும் வார்த்தார்கள். ஒரு குடும்பத்தின் சொம்பு இன்னொருவரின் அறைக் கதவில் கைப்பிடியாயிற்று. அறைகளுக்கு வேண்டிய தேக்குக் கட்டில், நாற்காலி போன்றவற்றை நாகாஷிமாவே வடிவமைத்தார். பின்னாளில் அவர் பெயர் சொல்லும் மரச்சாமான்களின் விதை விழுந்தது இந்தத் தேக்கில்தான். நாம் வணங்கும் ஆண்டாள் தேரின் சிற்பங்களும் மரத்தில் பிறந்தவையே. ஆனால் தேரில் மரத்தின் ஒவ்வோர் அங்குலமும் சிற்பமாகும். கோல்கொண்டேயில் ஒரு பூ கூடச் செதுக்கப்படவில்லை. இழைத்த மரம் தன் ரேகையோடு அப்படியே நிற்கிறது. புதுச்சேரி சென்றபோது தெருவில் நின்றுதான் நான் அக்கட்டடத்தைப் பார்த்தேன். முதலில் ஏமாற்றமாகவே இருந்தது. சிறிது நேரம் நின்றபின்தான் அந்தப் பலகை வரிசையின் அழகு பிடிபட்டது.

வந்த இடத்தில் நாகாஷிமாவின் மனம் மாறிற்று. தமக்குரிய சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆசிரமத்து அன்பர்களுள் ஒருவராகவே வாழத் தொடங்கினார். ஸ்ரீ அரவிந்தர் அவருக்குச் சுந்தரானந்தர் என்று பெயரிட்டார். அழகில் ஆனந்தம் காண்பவர் என்பது பொருள். செய்யும் வேலையே வழிபாடு என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது. எனினும் 1939இல் அவர் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டார். கட்டடம் 1940களில்தான் முற்றுப்பெற்றது.

ஜப்பானில் மாரியன் ஒகஜிமா என்னும் மங்கையைச் சந்தித்து, அமெரிக்கா திரும்பி 1941இல் மணம் புரிந்துகொண்டார். திரும்பியவுடன் அங்கே எழும்பிக்கொண்டிருந்த புதிய கட்டடங்களைச் சுற்றிப் பார்த்தார். அவை அவருக்கு நிறைவு தரவில்லை. வரைபடம் ஒருவரிடம், வேலை வேறொருவரிடம். வரைந்தவருக்குப் பொருளின் இயல்பு தெரியாது, செய்பவருக்கு வேலையில் பற்று இல்லை. தொடக்கம் முதல் முடிவு வரை ஒருவர் கையிலேயே இருக்கும் தொழில் எது என்று எண்ணிப் பார்த்தார். மரச்சாமான் செய்வதே அது என்று முடிவு செய்து, சியாட்டில் நகரில் சிறு பட்டறை வைத்தார். அப்போது வயது முப்பத்தாறு.

பட்டறை நிலைக்கவில்லை. 1941 டிசம்பர் 7ஆம் நாள் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. மறு ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் ஓர் ஆணை பிறப்பித்தார். மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சத்தினர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர், குற்றம் எதுவும் செய்யாதிருந்தும், முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பகுதியினர் அமெரிக்க மண்ணிலேயே பிறந்த குடிமக்கள். நாகாஷிமாவும் மனைவியும் கைக்குழந்தை மீராவும் ஐடஹோ மாநிலத்துப் பாலைவெளியில் இருந்த மினிடோக்கா முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர் சாரணனாகச் சுற்றிய காடுகளின் நாடே அவரை முள்வேலிக்குள் வைத்தது.

அந்த முகாமில் கென்டாரோ ஹிகோகாவா என்னும் தச்சர் இருந்தார். ஜப்பானில் முறையாகத் தொழில் பயின்றவர். முதுகலைப் பட்டம் பெற்ற நாகாஷிமா அவரிடம் மாணாக்கரானார். கட்டுமானத்தில் கழித்துப் போட்ட பலகைத் துண்டுகளும் பாலையில் வளர்ந்த முட்புதர்க் கட்டைகளுமே மூலப்பொருள். ஜப்பானியக் கைக்கருவிகளைப் பிடிக்கும் முறை, தீட்டும் முறை, மரத்தின் போக்கறிந்து இழைக்கும் முறை எல்லாவற்றையும் அங்கே கற்றார். எவ்வளவு படித்தவரும் ஒரு தொழிலை அதைச் செய்பவரிடம்தான் கற்க முடியும் என்பதை அவர் அவமானமாகக் கருதவில்லை. இந்த வரலாற்றில் என்னைப் பெரிதும் ஈர்த்த பகுதி இதுவே. ஹிகோகாவா இல்லையேல் நாகாஷிமா இல்லை. ஆயினும் உலகம் அறிந்த பெயர் ஒன்றுதான்.

பழைய முதலாளி ரேமண்ட் அப்போது அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்து நியூ ஹோப் என்னும் ஊரில் பண்ணை வைத்திருந்தார். அவர் பொறுப்பேற்றுக்கொண்டதால் 1943இல் நாகாஷிமா குடும்பம் விடுதலை பெற்றது. பண்ணையில் கோழி பார்த்துக்கொள்ளும் வேலை! பின்னர் அருகிலேயே நிலம் பெற்று, தம் கையாலேயே பட்டறையும் வீடும் கட்டினார். மீதி வாழ்நாள் முழுவதும் அவ்வூரிலேயே கழிந்தது.

அவர் செய்த மேசைகளின் தனித்தன்மை என்ன? பலகையின் ஓரத்தை நேராக அறுத்து எறியாமல், மரம் வளர்ந்த வளைவோடு அப்படியே விட்டுவிடுவார். வெடிப்பு விட்ட பலகையை எங்கள் பட்டறையில் விறகுக்கு ஒதுக்குவோம். அவரோ அந்த வெடிப்பை மறைக்கவும் மாட்டார். வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரு கட்டையைக் குறுக்கே பதித்து, வெடிப்பு மேலும் விரியாமல் பிடித்து நிறுத்துவார். குறை இருந்த இடமே பார்வையை இழுக்கும் இடமாகிவிடும். அடிமரத்தை அறுக்கும்போது தாமே அருகில் நின்று எந்தப் பக்கமாக வாள் செல்ல வேண்டும் என்று பார்ப்பார். அறுத்த பலகைகளை ஆண்டுக்கணக்கில் உலரவிடுவார். எந்த மரம் எந்தப் பொருளுக்கு என்பதை அவசரப்பட்டு முடிவு செய்யமாட்டார்.

1960ஆம் ஆண்டளவில் அவர் செய்த ‘கோனாய்டு’ நாற்காலிக்கு இரண்டே கால்கள். முன்கால் கிடையாது. இருக்கை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். உட்கார்ந்தால் கவிழ்ந்துவிடும் என்று பலர் ஐயப்பட்டனராம். அதன் படத்தை என் தந்தையாரிடம் காட்டினேன். அவர் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். கால்களின் அடியில் தரையோடு முன்னால் நீண்டிருக்கும் இரு கட்டைகளை விரலால் தொட்டு, “பாரம் முதுகுக் கால் வழியா இறங்கி இதுல வந்து உக்காருதுப்பா, கவிழாது” என்றார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர்.

புகழும் பொருளும் வந்தன. 1952இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் கைவினைக்கான பதக்கம் அளித்தது. 1973இல் நெல்சன் ராக்பெல்லர் தம் இல்லத்திற்காக இருநூறுக்கும் மேற்பட்ட பொருள்களைச் செய்து வாங்கினார். இங்கே எனக்கு ஒரு மனக்குறை உண்டு, அதை மறைப்பானேன்? எளிமையைப் போற்றிய ஒருவரின் மேசை எளியவர் வீட்டுக்குப் போக முடியாத விலையில் இருந்தது. கையால் செய்யும் வேலைக்கு உரிய கூலி கொடுத்தால் விலை ஏறத்தானே செய்யும் என்று எதிர்வாதம் செய்யலாம். நம் ஊர்த் தச்சர்களுக்கு உரிய கூலி கிடைத்தால் நம் வீட்டு நாற்காலியும் அந்த விலைக்கு வருமோ என்னவோ.

இந்தியாவை அவர் மறக்கவில்லை. 1964இல் அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்திற்கு வந்து, அங்கு செய்வதற்காக மரச்சாமான்களை வடிவமைத்துக் கொடுத்தார். 1981இல் மரத்தையும் தம் தொழிலையும் பற்றி ஒரு நூல் எழுதினார். 1983இல் ஜப்பானியப் பேரரசரின் விருது அவருக்குக் கிடைத்தது. ஒரு காலத்தில் ஜப்பானியர் என்பதற்காகச் சிறைப்பட்டவர் அல்லவா அவர்!

முதுமையில் அவருக்கு ஓர் ஆசை எழுந்தது. மிகப் பெரிய வால்நட் மரம் ஒன்றின் அடிப்பகுதி அவர் கைக்கு வந்தது. அதிலிருந்து உலகின் ஒவ்வொரு கண்டத்திற்கும் ஒரு பெரிய அமைதி மேசை செய்து வைக்க வேண்டும் என்று விரும்பினார். முதல் மேசை 1986ஆம் ஆண்டின் இறுதி நாளில் நியூயார்க் நகரத்துத் தூய யோவான் பேராலயத்தில் நிறுவப்பட்டது. அடுத்தவற்றைக் காண அவருக்கு வாய்ப்பில்லை. 1990ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள், எண்பத்தைந்தாம் வயதில் மறைந்தார். முகாமில் கைக்குழந்தையாக இருந்த மகள் மீரா கட்டடக் கலை பயின்று, தந்தையின் பட்டறையை ஏற்று நடத்தினார். ஆசியாவுக்கான மேசை 1996இல் புதுச்சேரிக்கு அருகிலுள்ள ஆரோவில்லுக்கு வந்தது. இரண்டு பெரும் பலகைகள், நடுவே வெடிப்பு, அதன் குறுக்கே வண்ணத்துப்பூச்சிக் கட்டைகள். சுந்தரானந்தர் தேக்கு இழைத்த ஊரிலிருந்து அது சில கல் தொலைவுதான்.