மழலையரின் தோழி மாண்டிசோரி அம்மையார்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் அடிக்கடி சொல்லும் பழமொழி. அதைச் சொல்லும்போதே சிலருடைய கை பிரம்பைத் தேடும். ஐந்து வயதுக்குள் பிள்ளையை நாம் வளைத்துவிட வேண்டும் என்றே அதற்குப் பொருள் கொள்கிறோம். ஆனால் அந்த இளம் வயதில் குழந்தை தன்னைத் தானே உருவாக்கிக் கொள்கிறது. பெரியவர்களின் கடமை அதற்கு வழிவிடுவதே என்று உலகுக்கு எடுத்துக் காட்டினார் ஒரு பெண்மணி. அவர்தாம் இத்தாலி நாட்டில் பிறந்து, நம் சென்னையிலும் கோடைக்கானலிலும் வாழ்ந்து சென்ற மரியா மாண்டிசோரி அம்மையார். அவருடைய வாழ்க்கையை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

இத்தாலியின் கீழைக் கடற்கரையில் அங்கோனா நகருக்கு அருகே கியாரவாலே என்ற சிற்றூர் உள்ளது. அங்கு 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31-ஆம் நாள் மரியா பிறந்தார். தந்தை அலெஸ்ஸாந்திரோ அரசாங்க அலுவலர். தாய் ரெனில்டே நூல்களை விரும்பிப் படிப்பவர். அவர்களுக்கு மரியா ஒரே மகள். 1875-இல் அக்குடும்பம் உரோமாபுரியில் குடியேறியது.

அக்காலத்தில் படித்த பெண்ணுக்கு ஆசிரியைப் பணி ஒன்றே ஏற்றது என்று கருதப்பட்டது. மரியாவோ அது மட்டும் வேண்டாம் என்றார். பொறியியல் கற்க விரும்பி, ஆண் பிள்ளைகள் பயிலும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பிறகு மருத்துவராக வேண்டும் என்ற ஆவல் பிறந்தது. தந்தை உடன்படவில்லை, தாய் துணை நின்றார். பிணத்தை அறுத்துப் பாடம் படிக்கும் அறையில் ஆண்களோடு ஒரு பெண் நிற்பது முறையன்று என்று தடை விதித்தார்கள். எனவே மற்ற மாணவர்கள் வீடு திரும்பிய பின்னர், மாலை வேளையில், பிணங்களுக்கு நடுவே தனியாக நின்று அவர் பயின்றார். தவளையை அறுத்துப் பார்க்கவே அஞ்சும் நமக்கு அந்தத் துணிவு வியப்பளிக்கிறது அல்லவா? 1896-இல் அவர் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியில் முதன்முதல் மருத்துவரான பெண்மணிகளில் அவரும் ஒருவர்.

பட்டம் பெற்றபின் மனநோய் மருத்துவப் பிரிவில் பணியாற்றினார். அந்நாளில் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளைப் பைத்தியக்கார விடுதிகளில் அடைத்து வைப்பார்கள். அத்தகைய விடுதி ஒன்றில் குழந்தைகள் உணவு முடிந்ததும் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கினார்கள். பணிப்பெண் அதைக் கண்டு அருவருப்படைந்தாள். அம்மையார் அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். வெறும் சுவர்களைத் தவிர அங்கு ஒன்றுமே இல்லை. தொட்டுப் பார்க்கவும் உருட்டி விளையாடவும் அக்குழந்தைகளின் கைகள் ஏங்குகின்றன என்பதைப் புரிந்து கொண்டார். வயிற்றுக்குச் சோறு கிடைத்தது. கைக்கும் அறிவுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

ஈட்டார், செகேன் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் இத்தகைய குழந்தைகளைப் பற்றி எழுதிய நூல்களை அவர் தம் கையாலேயே இத்தாலிய மொழியில் எழுதி எழுதிக் கற்றார். 1900-ஆம் ஆண்டு உரோமாபுரியில் அவர்களுக்கென்று ஒரு பள்ளி தொடங்கப்பட்டபோது அதை நடத்தும் பொறுப்பை ஏற்றார். கற்கவே முடியாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட சிலர் எழுதவும் படிக்கவும் கற்று, மற்றப் பிள்ளைகளோடு தேர்வெழுதித் தேறினார்கள். எல்லோரும் அவரைப் பாராட்டினார்கள். அவர் மனத்திலோ வேறொரு கேள்வி எழுந்தது. இந்தக் குழந்தைகள் இவ்வளவு செய்ய முடியுமானால், நல்ல உடலும் அறிவும் உள்ள குழந்தைகளைச் சாதாரணப் பள்ளிகள் எவ்வளவு தாழ்த்தி வைத்திருக்கின்றன என்பதே அக்கேள்வி.

இந்த ஆண்டுகளில்தான் அவருடைய வாழ்வில் ஒரு பெருந்துயரம் நேர்ந்தது. இதை நம் மலரில் எழுதலாமா என்று நாம் மிகவும் தயங்கினோம். ஆனால் இதை மறைத்தால் அவர் பட்ட பாட்டில் பாதியை மறைத்தவர்கள் ஆவோம். உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவரோடு அவருக்கு ஏற்பட்ட அன்பு திருமணத்தில் முடியவில்லை. 1898 மார்ச்சு 31-ஆம் நாள் அவருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. மரியோ என்பது அதன் பெயர். மணமாகாத தாயை அன்றைய சமுதாயம் ஏற்காது. அவருடைய பணிக்கும் அன்றே முடிவு வந்துவிடும். எனவே குழந்தையை நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்தார்கள். அம்மையார் அவ்வப்போது போய்ப் பார்த்து வருவார். தாம் யார் என்பதை மட்டும் சொல்வதில்லை. தீர்ப்பிடும் பொறுப்பு இறைவனுடையது. நாம் நினைத்துப் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பிறர் குழந்தைகளின் முதல் நடையையும் முதல் சொல்லையும் கூர்ந்து கவனித்து உலகுக்குச் சொன்னவருக்குத் தம் மகனின் முதல் ஆண்டுகளை அருகிருந்து காணும் பேறு கிடைக்கவில்லை.

உரோமாபுரியில் சான் லோரென்சோ என்பது ஏழைத் தொழிலாளர்கள் வாழ்ந்த பகுதி. அங்கே ஒரு நிறுவனம் பழுதடைந்த வீடுகளைப் புதுப்பித்துக் குடியமர்த்தியது. பெற்றோர் வேலைக்குச் சென்றதும் சிறுவர்கள் படிக்கட்டுகளில் ஓடிச் சுவர்களைப் பாழாக்கினார்கள். அவர்களை ஓரிடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது, அம்மையாரை அழைத்தார்கள். 1907 ஜனவரி 6-ஆம் நாள், மூன்று இராசாக்கள் திருநாளன்று, குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. பள்ளிக்குப் போகும் வயதை எட்டாத ஏறத்தாழ 50 குழந்தைகள் அழுத கண்ணும் அழுக்குச் சட்டையுமாக வந்து நின்றார்கள்.

அங்கே அம்மையார் கற்பித்ததைக் காட்டிலும் கற்றுக் கொண்டதே மிகுதி. ஒரு நாள் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மரக்கட்டையில் உள்ள குழிகளில் பொருத்தமான உருளைகளைச் செருகிக் கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் எடுப்பாள், கலைப்பாள், மறுபடி செருகுவாள். மற்றப் பிள்ளைகளைச் சுற்றிலும் பாடச் சொன்னார் அம்மையார். சிறுமி நிமிரவில்லை. அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். அவள் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு தொடர்ந்தாள். 40 முறைக்கு மேல் செய்தபின் தானாகவே நிறுத்தி, நன்றாகத் தூங்கி எழுந்தவளைப் போல மலர்ந்த முகத்தோடு சுற்றிப் பார்த்தாள். குழந்தைக்கு மனத்தை ஒருமுகப்படுத்தத் தெரியாது என்று யார் சொல்ல முடியும்?

இன்னொரு நாள், கைக்குட்டையை மடித்துப் பிடித்து ஓசையின்றி மூக்குச் சிந்துவது எப்படி என்று அவர் நிதானமாகச் செய்து காட்டினார். சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். அவர்கள் கை தட்டினார்கள்! மூக்கு ஒழுகுகிறது என்று அதுவரை எல்லோரும் அவர்களை ஏசியிருந்தார்களே தவிர, எவரும் மதித்துச் சொல்லிக் கொடுத்ததில்லை.

உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் பழகிய குழந்தைகள், ஒரு நாள் எவரும் சொல்லாமலே சுண்ணக்கட்டியால் தரையில் சொற்களை எழுதத் தொடங்கினார்கள். நம் முன்னோர் திண்ணைப் பள்ளிகளில் மணலைப் பரப்பி விரலால் எழுத்தைப் பழகியது இங்கு நம் நினைவுக்கு வருகிறது. நாடு வேறு, காலம் வேறு. ஆனால் இரண்டு இடத்திலும் விரலே முதலில் கற்றது.

இந்த இல்லத்தின் புகழ் பரவியது. 1908-ஆம் ஆண்டின் இறுதியில் மெசீனா நகரை நிலநடுக்கம் அழித்தபோது பெற்றோரை இழந்த குழந்தைகள், உரோமாபுரியில் மரியாயின் பிரான்சிஸ்கு சபைக் கன்னியரின் மடத்தில் அடைக்கலம் பெற்றார்கள். அங்கும் இம்முறையில் ஒரு பள்ளி நடந்தது. பேச்சையும் சிரிப்பையும் மறந்திருந்த அப்பிள்ளைகள் மெல்ல மெல்ல மலர்ந்தார்கள். அந்தச் சபை நம் உதகமண்டலத்தில் தோன்றியது என்பது நமக்குப் பெருமை.

1909-இல் அம்மையார் எழுதிய நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. 1912-இல் அவருடைய அன்னை மறைந்தார். அடுத்த ஆண்டு, 15 வயது நிரம்பிய மரியோ தாயிடம் வந்து சேர்ந்தார். அன்று முதல் அவருக்கு வலக்கையாகத் திகழ்ந்தார். ஆயினும் உறவினர் என்றும் வளர்ப்பு மகன் என்றுமே உலகுக்கு அறிமுகப்படுத்தப்பட்டார்.

இத்தாலியை ஆண்ட முசோலினி முதலில் இவருடைய பள்ளிகளை ஆதரித்தார். அம்மையாரும் அந்த ஆதரவை ஏற்றுக் கொண்டார். ஆனால் சொன்னதைச் செய்யும் படைவீரர்களை வளர்க்க விரும்பும் ஆட்சிக்கும், தானே சிந்திக்கும் குழந்தையை வளர்க்க விரும்புபவருக்கும் எப்படி ஒத்துப் போகும்? 1934-இல் அவர் தாய்நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. செருமனியில் நாசிகள் அவருடைய பள்ளிகளை மூடினார்கள். 1936-இல் உள்நாட்டுப் போரினால் ஸ்பெயினையும் விட்டு நீங்கி ஆலந்து நாட்டில் தஞ்சம் புகுந்தார்.

1939-ஆம் ஆண்டு, தமது 69-ஆவது வயதில், பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று அம்மையார் மகனுடன் சென்னை அடையாறுக்கு வந்தார். ஜார்ஜ் அருண்டேலும், கலாக்ஷேத்திராவை நிறுவிய அவர் துணைவியார் ருக்மிணி தேவியும் அவர்களை வரவேற்றார்கள். ஓலைக் கொட்டகைகளில் ஏறத்தாழ 300 ஆசிரியர்கள் கூடினார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னார்.

1940 ஜூன் மாதம் இத்தாலி போரில் இறங்கியது. உடனே ஆங்கில அரசு மரியோவைப் பகைநாட்டவர் என்று பிடித்துக் காவலில் வைத்தது. முதுமையில், அந்நிய நாட்டில், தாயும் மகனும் மீண்டும் பிரிக்கப்பட்டார்கள். அவ்வாண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் அம்மையாரின் 70-ஆவது பிறந்தநாள். அன்று வைசிராயிடமிருந்து ஒரு தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக மரியோவை விடுதலை செய்து அனுப்புவதாக அதில் இருந்தது. அத்தந்தி அவரை மகன் என்றே குறிப்பிட்டது. 42 ஆண்டுகளாக வாய்விட்டுச் சொல்ல முடியாதிருந்த அச்சொல், நம் சென்னையில் அவருக்குப் பரிசாகக் கிடைத்தது.

போர்க்காலத்தில் அவர்கள் சில ஆண்டுகள் கோடைக்கானலில் வாழ்ந்தார்கள். மலையும் மரமும் பறவையும் சூழ, பல வயதுக் குழந்தைகள் ஒன்றாய்க் கற்றார்கள். இலங்கைக்கும் சென்று பயிற்சி அளித்தார். நம் நாட்டில் பச்சிளங் குழந்தைகளை அவர் கூர்ந்து நோக்கினார். ஐரோப்பாவில் வசதியுள்ள வீடுகளில் கைக்குழந்தையைத் தனி அறையில் தொட்டிலில் இட்டுத் தனித்து விடுவது வழக்கம். இங்கோ தாய் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகிறாள். காய்கறிக்காரியோடு பேரம் பேசுகிறாள். குழந்தை எல்லாவற்றையும் பார்க்கிறது, கேட்கிறது. வேறு சில நாடுகளில் முதுகில் கட்டிக் கொள்வார்கள். எப்படித் தூக்கினாலும் தாயோடு இருக்கும் குழந்தை வீணாக அழுவதில்லை. மொழியையும் வழக்கங்களையும் தானாகவே உள்வாங்கிக் கொள்கிறது என்று அவர் விளக்கினார். இந்தியாவில் ஆற்றிய சொற்பொழிவுகளிலிருந்து உருவான அவருடைய புகழ்பெற்ற நூல் 1949-இல் சென்னையில் வெளியாயிற்று.

அம்மையார் 1952 மே 6-ஆம் நாள் ஆலந்து நாட்டு நோர்ட்வைக் என்ற கடற்கரை ஊரில், மகன் அருகிருக்க, 81-ஆவது வயதில் உயிர் நீத்தார். அங்குள்ள கத்தோலிக்கக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். அமைதிக்கான நோபல் பரிசுக்கு மூன்று முறை அவர் பெயர் முன்மொழியப்பட்டும் கிடைக்கவில்லை. தாய்நாடு பின்னாளில் தனது 1000 லிரா நோட்டில் அவர் உருவத்தைப் பொறித்துப் பெருமை செய்தது.

அன்புத் தோழியரே! குழந்தையை இடுப்பில் சுமக்க நமக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. இறக்கி விடத்தான் நமக்குத் தெரியவில்லை. ஐந்து வயதிலும் ஊட்டி விடுகிறோம்; சிந்திவிடுவாய் என்று தம்ளரைப் பிடுங்குகிறோம்; நேரமாகிறது என்று தங்கையின் சட்டைப் பொத்தானை நாமே மாட்டி விடுகிறோம். இவை எல்லாம் அன்பினால் செய்பவைதாம். ஆனால் அந்தச் சின்னக் கைகளின் வேலையை நாம் திருடிக் கொள்கிறோம் என்பதை நினைத்ததில்லை.

இனி, தங்கை பொத்தானோடு போராடும்போது நம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்போம். அதனால் பள்ளி மணி அடித்தபின் வர நேர்ந்தால், காரணம் கேட்கும் சிஸ்டரிடம் மாண்டிசோரி அம்மையாரின் பெயரைச் சொல்லிப் பார்ப்போம்!