ரோஜர் பெண்டன்

இங்கிலாந்து தேசத்து லங்காஷயரில் 1819-ஆம் ஆண்டு பிறந்த ரோஜர் பெண்டன், சட்டமும் சித்திரமும் பயின்று, பின்னர் நிழற்படக் கலையிற் சிறந்து விளங்கினார். 1855-ல் கிரிமிய யுத்தகளஞ் சென்ற அவர், திராட்சரச வியாபாரி ஒருவரின் பழைய வண்டியை இருட்டறையாக்கி, 350-க்கு மேற்பட்ட படங்களை எடுத்துவந்தார். கண்ணாடித் தகட்டில் உருவம் பதியப் பல விநாடிகள் வேண்டியிருந்தமையால், பொருதும் படையைப் படமெடுக்க இயலவில்லை. மாண்டோரையோ அவர் காட்டினாரில்லை. அவ்வாண்டே லண்டன் நகரத்தார் அப்படங்களிற் கண்டவை பெரும்பாலும் ஒழுங்கான முகாம்களும் தளகர்த்தர்களின் உருவங்களுமே. நோயால் மடிந்த ஆயிரக்கணக்கானோரை அல்ல.

அவற்றுட் பெரும்புகழ் பெற்றது, பீரங்கிக் குண்டுகள் சிதறிய பாதையைக் காட்டும் 'மரண நிழற் பள்ளத்தாக்கு'. ஆயின், அதே இடத்தில் அவர் எடுத்த மற்றொரு படத்தில் பாதை வெறுமையாயிருக்கிறது. குண்டுகள் ஓரத்திற் கிடக்கின்றன. இரு படங்களிலும் சிறு கற்கள் இடம்பெயர்ந்துள்ளமையை ஒப்புநோக்கி, வெறும் பாதையே முந்தியதென்று இக்கால ஆராய்ச்சியாளர் துணிந்தனர். காட்சிச் சிறப்புக்காக அவரே குண்டுகளைப் பரப்பினாரோ, மீண்டும் சுடுதற்பொருட்டுப் படைவீரர் திரட்டினரோ என அறிஞர் வாதிப்பர்.

1862-ல் இக்கலையைத் துறந்த பெண்டன் 1869-ல் காலமானார். போர்ப்படங்கண்டு உள்ளமுருகும் நாம், அதில் விடப்பட்டது யாது, வைக்கப்பட்டது யாது என்று வினவவுங் கடமைப்பட்டுள்ளோம்.