53 வயதில் ஏறிய மிதிவண்டி

பிரான்சஸ் வில்லர்டு 1839ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். விஸ்கான்சின் மாநிலத்துப் பண்ணையொன்றில் அண்ணனுக்கு நிகராக ஓடியாடி வளர்ந்தார். 16ஆம் வயதில், அக்கால வழக்கப்படி, கால்களை மறைக்கும் நீண்ட பாவாடை அணிய நேர்ந்தது. அன்றோடு அவரது ஓட்டம் நின்றது.

பின்னர் அவர் ஆசிரியரானார். மகளிர் கல்லூரி ஒன்றின் தலைவரானார். 1879 முதல் மகளிர் மதுவிலக்குச் சங்கத்தை வழிநடத்தினார். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டுமென ஊர்தோறும் சென்று பேசினார்.

1885இல் இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவர், சங்கிலியால் இயங்கும் தாழ்வான மிதிவண்டியை உருவாக்கினார். ஆயினும், அதன் குறுக்குக் கம்பி பாவாடை அணிந்த பெண்களுக்குத் தடையாயிற்று. ஆகவே, பெண்களுக்கான வண்டியில் அக்கம்பியைத் தாழ வளைத்தனர். பாவாடை சிக்காதிருக்கச் சங்கிலிக்கு உறையிட்டனர்; பின்சக்கரத்தின் மேற்பகுதியில் இருபுறமும் கயிறுகளை வலைபோல் கட்டினர்.

தாயை இழந்த துயராலும் ஓயாத உழைப்பாலும் வில்லர்டின் உடல் தளர்ந்தது. இங்கிலாந்தில் தங்கியிருந்தபோது, 53 வயதில், அவர் மிதிவண்டி பழகத் தொடங்கினார். தரையிலிருந்து மூன்று அங்குலம் உயர்ந்த பாவாடையை அதற்கென அணிந்தார். முதலில் நண்பர்கள் வண்டியைத் தாங்கிப் பிடித்தனர். நாள்தோறும் ஏறக்குறைய கால் மணி நேரம் பயின்று, மூன்று மாதங்களில் தனியே ஓட்டினார். வண்டிக்குக் கிளாடிஸ் எனப் பெயரிட்டார். அவ்வனுபவத்தை 1895இல் நூலாக வெளியிட்டார், 1898இல் மறைந்தார்.

வண்டி தன் கம்பியைத் தாழ்த்தியது. அவர் தம் பாவாடையைச் சற்றே உயர்த்தினார். 16 வயதில் நின்ற ஓட்டம் மீண்டும் தொடங்கியது.