கைப்பிடியைக் கழற்றினால் போதுமா? லண்டன் கிணறும் டாக்டர் ஜான் ஸ்நோவும்

ஆரணிப் பட்டுக்குத் தறி எவ்வளவு முக்கியமோ, தண்ணீரும் அவ்வளவு முக்கியம். கச்சா நூலில் இருக்கும் பசையை சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் எடுக்கணும், சாயம் ஏத்தணும், பலமுறை அலசணும். பட்டு நெய்யும் எந்த ஊரானாலும், அந்தக் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் மண்ணில் விட்டால் அது பக்கத்துக் கிணற்றுக்கு இறங்கலாம். அப்படிக் கெட்டுப்போன கிணற்றை என்ன செய்வது? லண்டனில் வாழ்ந்த ஒரு டாக்டரின் கதையில் இதற்குப் பாதி பதில் இருக்கிறது.

யார் இந்த ஜான் ஸ்நோ?

1813 மார்ச் 15-ல் இங்கிலாந்தின் யார்க் நகரில் பிறந்தார். கூலித் தொழிலாளி வீட்டில் 9 பிள்ளைகளில் மூத்தவர். 14 வயதிலேயே நியூகாசிலில் ஒரு மருத்துவரிடம் தொழில் பழகப் போனார். 1831-32-ல் காலரா வந்தபோது நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்தார். பிறகு லண்டனில் மயக்க மருந்து நிபுணராகப் பெயர் எடுத்தார். 1853-ல் விக்டோரியா மகாராணியின் பிரசவத்தில் குளோரோஃபார்ம் கொடுத்தது இவர்தான்.

கிணற்றைக் கண்டுபிடித்தது எப்படி?

கெட்ட காற்றால்தான் காலரா பரவுது என்று எல்லாரும் நம்பிய காலம் அது. தண்ணீரால் பரவுது என்று 1849-லேயே எழுதினார் ஸ்நோ. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

1854 ஆகஸ்ட் கடைசியில் சோஹோ பகுதியில் காலரா வெடித்தது. 10 நாளில் 500 பேருக்கு மேல் செத்தார்கள். ஸ்நோ வீடு வீடாகப் போய் விசாரித்தார். இறந்தவர்களில் பெரும்பாலானோர் பிராட் தெரு அடிபம்புக்குப் பக்கத்தில் இருந்தவர்கள். ஆனால் சொந்தக் கிணறு இருந்த ஏழைகள் விடுதியில் 535 பேரில் 5 பேர்தான் இறந்தார்கள். செப்டம்பர் 7 இரவு உள்ளூர் நிர்வாகத்திடம் இதை எடுத்துச் சொன்னார். மறுநாளே பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. மக்கள் ஊரைக் காலி செய்ததால் அதற்கு முன்பே சாவு குறையத் தொடங்கியிருந்தது என்பதை ஸ்நோவே ஒப்புக்கொண்டார்.

அப்புறம் என்ன ஆச்சு?

ஸ்நோவை முதலில் நம்பாத ஹென்றி வைட்ஹெட் என்ற பாதிரியார், தானே விசாரணையில் இறங்கினார். கிணற்றுக்கு 3 அடிகூட தள்ளி இல்லாத ஒரு வீட்டின் மலக்குழி கண்ணில் பட்டது. செங்கல் உதிர்ந்து, கழிவு கிணற்றுப் பக்கம் கசிந்திருந்தது. நோய்ப்பட்ட குழந்தையின் துணி அலசிய தண்ணீர் அந்தக் குழியில்தான் ஊற்றப்பட்டிருந்தது.

ஆனாலும் அரசு சுகாதார வாரியம் ஸ்நோ சொன்னதை ஏற்கவில்லை. நோய் தணிந்ததும் கைப்பிடியை மறுபடி மாட்டிவிட்டார்கள்! 1858 ஜூன் 16-ல், 45 வயதில், பக்கவாதத்தால் ஸ்நோ இறந்தார். 1884-ல் நம்ம கல்கத்தாவில் ராபர்ட் கோக் காலரா கிருமியை உறுதி செய்ததைப் பார்க்க அவர் இல்லை.

மீதிப் பாதி பதில் என்ன?

கைப்பிடியைக் கழற்றுவது தற்காலிகம்தான். கழற்றியதை மாட்டவும் முடியும். அதனால் முதலில் கழிவு வரும் வழியை அடைக்கணும். கிருமி என்றால் பிளீச்சிங் பவுடர் வேலை செய்யும். சாயமும் உப்பும் கலந்திருந்தால் அது உதவாது, கொதிக்க வைத்தாலும் போகாது. எனவே தண்ணீரைப் பரிசோதிக்காமல் முடிவெடுக்கக் கூடாது.

மூடுவது என்று முடிவானால், உள்ளே கிடக்கும் குப்பையையும் பழைய பம்பையும் வெளியே எடுக்கணும். நீர்மட்டம் வரை சுத்தமான ஜல்லி, மணல். அதற்கு மேல் நீர் புகாத களிமண்ணை இடித்து இறுக்கி நிரப்பணும். மேற்பகுதியை கான்கிரீட்டால் மூடி, மழைநீர் தேங்காதபடி கொஞ்சம் மேடாக விடணும். கைவிட்ட ஆழ்துளைக் கிணறுகளை அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் 2010-ல் உத்தரவிட்டிருக்கிறது.

சும்மா பலகை போட்டு மூடிய கிணறும், குப்பை கொட்டித் தூர்ந்த கிணறும் மூடிய கிணறு ஆகாது. அழுக்கு நேராக நிலத்தடி நீருக்கு இறங்கும் குழாய் அது. அதே நீரைத்தான் பக்கத்துத் தெரு போர்வெல்லும் உறிஞ்சுகிறது.