லைசென்ஸ் ராஜ்: தொரப்பள்ளி ராஜாஜி எதை எதிர்த்தார், எங்கே சறுக்கினார்?

ஜிஎஸ்டி வந்த 2017 வரை, அத்திபெலேயின் வரிச் சோதனைச்சாவடியில் சரக்கு லாரிகள் வரிசை கட்டி நிற்கும். அனுமதி எங்கே தேவையோ, அங்கே காசு பார்க்க ஒரு கூட்டமும் இருக்கும். இதை வாழ்நாளின் கடைசிப் போராட்டமாக எடுத்துக்கொண்டவர், அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜி.

யார் இவர்?

பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியில் படிப்பு, சேலத்தில் வக்கீல் தொழில். 1937-ல் சென்னை மாகாணப் பிரதமர், 1948-ல் கவர்னர் ஜெனரல், 1952-ல் சென்னை முதல்வர். முதல்வரான வருஷமே உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கினார். 1954-ல், தன் கல்வித் திட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பால் பதவி விலகினார். 1959-ல், 80 வயதில், சுதந்திரா கட்சியைத் தொடங்கினார்.

எதை எதிர்த்தார்?

1951-ம் வருஷச் சட்டப்படி, முக்கியத் தொழில்களில் ஆலை தொடங்கவும் விரிவாக்கவும் டெல்லியின் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் கிடைத்தவருக்குப் போட்டி குறைவு; தரத்தைக் கூட்டாமலே லாபம். 1960-களில் ஆர்.கே. ஹசாரியின் ஆய்வு, லைசென்ஸ்களை வாங்கி முடக்கிவைத்து மற்றவர்களைத் தடுக்கும் உத்தியை அம்பலப்படுத்தியது. இப்படி உற்பத்தியைப் பெருக்காமல் சலுகையால் பணம் பார்ப்பதற்கு 'ரென்ட் சீக்கிங்' என்ற பெயரைத் தந்தவர் ஆன் க்ரூகர். 1964-ல் இந்திய தேசிய வருமானத்தில் 7.3% அளவுக்கு இப்படிப்பட்ட 'ரென்ட்' இருந்ததாக 1974-ல் அவர் கணக்கிட்டார். அதைப் பார்க்க ராஜாஜி இல்லை, 1972-லேயே காலமாகிவிட்டார்.

ஏன் ஜெயிக்கவில்லை?

லைசென்ஸால் லாபம் பார்த்தவர்கள் சிலர். அவர்களுக்கு அது வாழ்வா சாவா பிரச்சினை. நஷ்டப்பட்டவர்கள் கோடிப் பேர். ஆளுக்குச் சில ரூபாய்தான் என்பதால் யாரும் தெருவுக்கு வரவில்லை.

இன்னொரு சிக்கல் அவர் கட்சிக்குள்ளேயே இருந்தது. முன்னாள் மன்னர்களும் பெரிய நிலக்காரர்களும் அதில் நிறைந்திருந்தார்கள். நில உச்சவரம்பை கட்சி எதிர்த்தது. ஆலை முதலாளியின் சலுகையைக் கேள்வி கேட்ட கட்சி, நிலக்காரரின் சலுகைக்குக் குடை பிடித்தது. 1967-ல் 44 மக்களவை இடங்கள், 1971-ல் வெறும் 8.

இன்று ஏன் முக்கியம்?

பெரும்பாலான தொழில் லைசென்ஸ்கள் 1991 ஜூலையில் போயின. அவற்றை அகற்றியது ராஜாஜியின் வாதமல்ல, அந்நியச் செலாவணி நெருக்கடி. ஆகவே, அடுத்த முறை 'சீர்திருத்தம்' என்ற செய்தி வந்தால், யாருடைய சலுகை போகிறது, யாருடையது பத்திரமாக இருக்கிறது என்று இரண்டையும் பாருங்கள்.